தண்ணீர் டேங்கருக்குள் தடுப்புத் தகடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்துவாச்சாரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 27 வருடமாக டேங்க் கட்டுவதுதான் என் தொழில். போன மாதம் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் நாலு பேர் ஒரு சின்ன அலுமினிய டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 5 லிட்டர்தான் பிடிக்கும். அவர்கள் தயாரிக்கும் ரேஸ் காருக்காம். இன்ஜினுக்குள் போகும் காற்றில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்தால் சூடு தணிந்து, டர்போ இன்ஜின் 'நாக்' ஆகாமல், அதாவது உள்ளே எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்காமல், இழுக்கும் என்று விளக்கினார்கள். 2016இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். காரின் டிக்கியிலேயே இப்படி ஒரு 5 லிட்டர் டேங்க் உண்டாம்.

அவர்களுடைய சிக்கல் வளைவில்தான். வண்டி திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. அந்த நேரம் தண்ணீர் போகாவிட்டால் பிஸ்டனே போய்விடலாம். ஸ்பாஞ்ச் அடைத்துவிடலாமா என்று கேட்டார்கள். நாள்பட்டால் அது பிய்ந்து நாசிலை அடைக்கும் என்று நான் ஒப்பவில்லை. டேங்கின் அடியில் சின்னக் குழி இறக்கி, உறிஞ்சும் குழாயின் வாயை அதற்குள் வைத்து, சுற்றிலும் ஓட்டை போட்ட தகட்டை நிறுத்தினேன். தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே வரும், ஆனால் சட்டென்று வெளியே பாய முடியாது. அந்தக் காலத்தில் பால்காரர்கள் கேனுக்குள் வைக்கோல் பிரியைப் போட்டு சைக்கிள் மிதித்து வருவார்களே, ஏறக்குறைய அதே கணக்கு.

பையன்கள் சந்தோஷமாகப் போனார்கள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலூரில் ஓடும் 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர்களில் நான் கட்டியவை பல. அவற்றில் எதெதற்குள் ஒரு தகடுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன கோடையில் கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. டிரைவருக்கு இடது கால் முறிந்தது. வண்டி வேகமாகக்கூட வரவில்லை. இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு, பாதி டேங்கோடு திரும்பியிருக்கிறது. அந்த டேங்க் என் கையால் கட்டியது. "தகடு வேண்டாம்ணே, செலவு கூட ஆகும், உள்ளே இறங்கிக் கழுவவும் முடியாது" என்றார் உரிமையாளர். நானும் சரி என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

முழுக்க நிரம்பிய டேங்கில் தண்ணீருக்கு ஓட இடமில்லை. பாதியாக இருக்கும்போதுதான் ஆபத்து. 2,500 லிட்டர் என்றால் இரண்டரை டன். பிரேக் போட்டதும் அது மொத்தமும் முன்பக்கம் ஓடி முட்டும், திரும்பிப் பின்னால் போகும், மறுபடி வந்து தள்ளும். நின்றுவிட்டோம் என்று டிரைவர் காலை எடுக்கிற நேரத்தில் வண்டி நகரும். வளைவிலோ தண்ணீர் வெளிப்பக்கச் சுவரில் ஏறி, பாரத்தையே அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். காட்பாடி மேம்பாலத்தில் இறங்கும்போது முன்னால் ஒரு ஸ்கூல் ஆட்டோ நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது.

இதற்கு மருந்து பெரிய வித்தை இல்லை. குறுக்கே இரண்டு மூன்று தகடு, பட்டறையில் 'பாஃபிள்' என்போம். கீழ் மூலையில் தண்ணீர் வடியவும் மேல் மூலையில் காற்று போகவும் வெட்டிவிட வேண்டும். நடுவில் ஆள் நுழையும் அளவு வட்டமாகத் திறப்பு வைத்தால் கழுவ முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. குறுக்குத் தகடு பிரேக்குக்குத்தான் உதவும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு நீளவாக்கில் இன்னொரு தகடு தேவை, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், அங்கங்கே புள்ளி வைத்து ஒட்டினால் போதாது. தண்ணீர் தினமும் அறைந்து அறைந்து வெல்டிங் விட்டுவிடும். வெட்டும் மூலைகளை வளைவாக வெட்டாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, வரும் தண்ணீர் வண்டிகளின் மேல்மூடியைத் திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்க்கும்படி போக்குவரத்து அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிட வேலை. தண்ணீர் விற்பவர்களும் முடிந்தவரை ஒரே இடத்தில் முழுதாக இறக்கிவிட்டு, காலி டேங்கோடு திரும்பட்டும்.

என் பட்டறையில் தகடு இல்லாமல் டேங்க் வாங்கியவர்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள். தகட்டின் விலை மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
டேங்க் கட்டும் வெல்டர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.