வில்லியமின் பிள்ளைகளும் உன் பிள்ளைகளும்

அன்புள்ள வெங்கட்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுச் செய்தி நாலே வரி, மிச்சம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ‘என் இங்கிலாந்து போச்சுடா’ என்ற ஒப்பாரி. சுமதி எட்டிப் பார்த்துவிட்டு, “உங்க சிநேகிதர் சிங்கப்பூர்ல வேலைக்குப் போறாரா, இல்லையா?” என்று கேட்டாள். போகிறாய் என்று உனக்காகச் சாட்சி சொன்னேன்.

இங்கத்திய விஷயம் முதலில். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது சீரியலில் யார் என்ன கரை போட்ட புடவை கட்டியிருக்கிறார்கள் என்பது வரை தெரிகிறது. அதனால் விமர்சனமும் கூடிவிட்டது. சின்னவள் ப்ளஸ் டூ. ராத்திரியில் அவள் அறையில் விளக்கு எரிவது கெமிஸ்ட்ரிக்காக, என் அறையில் எரிவது எதற்காக என்று உனக்கே தெரியும். என் டிரான்ஸ்ஃபர் பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது.

சரி, உன் புலம்பலுக்கு வருகிறேன். க்ரூசேடர் கிங்ஸ் 3 ஆட்டத்தில் 1066-ஐத் தொடக்க வருஷமாகத் தேர்ந்தெடுத்து, வட பிரான்ஸின் நார்மண்டி டியூக் வில்லியமாக இறங்கி, இங்கிலாந்து ராஜா ஹெரால்டை வீழ்த்தி, லண்டனைப் பிடித்து, வேல்ஸிலும் கை வைத்திருக்கிறாய். கிழவர் கண்ணை மூடிய மறுநிமிடம் வரைபடம் மூன்று நிறமாகிவிட்டது. ‘இது என்ன பக்-ஆ?’ என்று கேட்கிறாய். பக் கிடையாது. இந்த ஆட்டமே அதுதான்.

பிரவுசிங் சென்டரில் விடிய விடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடிய பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை. அதில் பிடித்த நிலம் பிடித்ததுதான், வயசும் கிடையாது, வாரிசும் கிடையாது. இதில் நீ நடத்துவது ஒரு குடும்பம். தொடக்க காலத்து வாரிசுச் சட்டம் பாகப்பிரிவினை. அதிலும் முதல் படி ரொம்பக் கொடுமை: இன்னொரு ராஜ்யப் பட்டத்தை உருவாக்கும் அளவுக்கு நிலம் உன் கையில் இருந்தால் போதும். நீ அதை உருவாக்காமல் விட்டாலும், நீ செத்தவுடன் ஆட்டமே உருவாக்கி இளையவனிடம் கொடுத்துவிடும். அடுத்த படியில் இந்தப் புதுப்பட்ட வம்பு இல்லை. அதற்கடுத்த படியில் மூத்தவனுக்குப் பாதியாவது நிச்சயம். மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டத்துக்கு நீ 1200 தாண்டிய பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்குக் காத்திருக்க வேண்டும். உன் ஆட்டத்தில் அதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

நிஜ வில்லியமுக்கும் இதுதான் நடந்தது. 1087 செப்டம்பர் 9, நார்மண்டியின் ரூவான் நகரத்தில் சாகக் கிடக்கிறான். மூத்தவன் ராபர்ட் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே கிடக்கிறான். அடுத்தவன் வில்லியம் ரூஃபஸ், அப்பாவின் கடைசி மூச்சுக்குக்கூடக் காத்திராமல், ஆர்ச்பிஷப் லான்ஃபிராங்குக்குக் கடிதத்தை வாங்கிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டான். கடைக்குட்டி ஹென்றிக்கு நிலம் இல்லை, 5,000 பவுண்டு வெள்ளி மட்டும். அவன் போனது எங்கே தெரியுமா? தன் வெள்ளியை எடை குறையாமல் நிறுத்து வாங்க! ராஜா இறந்ததும் பிரபுக்கள் தத்தம் கோட்டையைக் காக்கக் குதிரை ஏறினார்கள். வேலைக்காரர்கள் ஆயுதம், பாத்திரம், துணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஓடினார்கள். உடம்பு கிட்டத்தட்ட வெற்றுடம்பாகத் தரையில் கிடந்தது என்று அடுத்த நூற்றாண்டில் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதுகிறார்.

ஒரு வித்தியாசம் கவனி. ஆட்டத்தில் பெரிய பட்டமான இங்கிலாந்து மூத்தவனுக்குப் போகும். நிஜத்தில் மூத்தவனுக்குக் கிடைத்தது நார்மண்டி. அது பூர்வீகச் சொத்து. இங்கிலாந்து வில்லியமின் சுயசம்பாத்தியம், இஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கலாம். நம் ஊர் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் இதை ஒரு நொடியில் புரிந்துகொள்வார். வரலாற்றாசிரியர்கள் பலரும் இப்படித்தான் விளக்குகிறார்கள். விளைவு என்ன? கடலின் இரண்டு பக்கமும் நிலம் வைத்திருந்த பிரபுக்களுக்கு இரண்டு எஜமான்கள். 1088-லேயே வில்லியமின் தம்பி பிஷப் ஓடோ தலைமையில், ராபர்ட்தான் எங்கள் ராஜா என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. உன் திரையில் ஓரத்தில் சிவப்பாகத் துடிக்கிறதே, அதே கோஷ்டிதான்.

அதனால் என் ஒரே ஆலோசனை: பட்டம் ஏறிய அன்றே சாவுக்கு ஏற்பாடு பண்ணு. தலைநகர் இருக்கும் டச்சியின் (அதாவது மாகாணத்தின்) கவுண்ட்டிகள் (மாவட்டங்கள்) முழுக்க மூத்தவனுக்குப் போகிற மாதிரி பார்த்துக்கொள். இளையவர்களுக்கு ஓரத்து நிலத்தை நீ உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடு, அது அவர்கள் பங்கில் கழியும். கஜானாவை நிரப்பி வைத்துவிட்டுச் சாக வேண்டும். புது ராஜாவை எந்தச் சிற்றரசனுக்கும் முதல் சில வருஷம் பிடிக்காது. அந்த வருஷங்களைத் தாண்ட வைப்பது காசும், கூலிப்படையும், நீ முன்னமே பிடித்து வைத்திருக்கும் ரகசியங்களும்தான்.

இனி மூன்றாவது மகன் பிறந்தால் கிணற்றில் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். தள்ளலாம். ஆனால் உன் ராஜா கருணைக்குணம் உள்ளவனாக இருந்தால் மன அழுத்தம் ஏறி அவனே குடித்துச் சாவான், வெளியே தெரிந்தால் சொந்தங்கொன்றான் என்ற பட்டம் வேறு. துறவியாக்கிவிடு, இல்லாவிட்டால் போரில் முன் வரிசையில் நிறுத்து. இதை எழுதும்போது சின்னவள் பின்னால் நின்று படித்துவிட்டாள். “அப்பா, நான் ஒரே பொண்ணா இருந்திருந்தா நிம்மதி, இல்ல?” என்கிறாள். பெரியவளுக்கும் இது போன் மூலம் போயிருக்கும்.

கூட்டணி விஷயத்தில் நீ நாட்டோடு நாடு சேர்வதாக நினைக்கிறாய். பக்கத்து நாடான பிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) பெண் எடுத்தாயிற்று, இனி வடகிழக்கு எல்லை பத்திரம் என்று. நிஜ வில்லியமும் மட்டில்டாவைக் கட்டியபோது அப்படித்தான் இருந்தது. அதற்காகப் போப் ஒன்பதாம் லியோ 1049-ல் ரீம்ஸ் சபையில் போட்ட தடையையே மீறினான். பிற்பாடு பரிகாரமாகத்தான் கான் நகரத்தில் ஆண்களுக்கு ஒரு மடம், பெண்களுக்கு ஒரு மடம் எழுந்தன என்பார்கள். மாமனார் ஐந்தாம் பால்ட்வின் 1067-ல் போனார், மைத்துனன் 1070-ல் போனான். 1071-ல் காசெல் போரில் அந்த மைத்துனனின் பிள்ளையைச் சாய்த்துவிட்டு, இன்னொரு மைத்துனன் ராபர்ட் பிளாண்டர்ஸைப் பிடித்தான். வில்லியமின் நெருங்கிய தோழன் ஃபிட்ஸ்ஆஸ்பெர்னும் அதே போரில் செத்தான். அதோடு மாமியார் வீடு பகையாளி வீடாயிற்று. 1085-ல் இதே ராபர்ட், தன் மருமகன் டென்மார்க் ராஜா கனூட்டோடு சேர்ந்து இங்கிலாந்துக்குப் படையெடுக்கக் கப்பல் திரட்டினான். வில்லியமின் மனைவி வழி உறவு அப்படியே இருந்தது, வீட்டில் உட்கார்ந்திருந்த ஆள்தான் மாறிவிட்டான். ஆகவே ஒவ்வொரு பக்கத்து ராஜா செத்த செய்தி வரும்போதும் கூட்டணிப் பட்டியலைத் திறந்து பார். நீ அடுத்த போரை அறிவித்த பிறகு பார்க்கிறாய்.

மதத்தில் நீ செய்யப்போவதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்திப் புள்ளி நிறைய சேர்ந்துவிட்டதால் சொந்தமாக ஒரு மதம் உண்டாக்கப் போகிறாயாம், நாலு மனைவி கட்டுவதற்காக. செய்துபார், ஒரே மாதத்தில் தெரியும். உன் சிற்றரசர்கள் பழைய மதத்திலேயே இருப்பார்கள், குடிமக்கள் கலகம் செய்வார்கள், நேற்று வரை சம்பந்தி கேட்டவர்கள் இன்று புனிதப்போர் என்பார்கள். போதாக்குறைக்கு நாலு மனைவி என்றால் எத்தனை பிள்ளை, எத்தனை பாகம்? நீ அழுவதே பாகப்பிரிவினையை நினைத்து!

போப்பை வங்கி மேனேஜர் மாதிரி வைத்துக்கொள். பக்தியைக் கொடுத்துப் பணம் கேட்கலாம், அடுத்தவன் நாட்டின் மேல் கிளெய்ம் (உரிமை) கேட்கலாம். வில்லியம் அதில் கெட்டிக்காரன். 1066-ல் போப் இரண்டாம் அலெக்சாண்டரின் ஆதரவை வாங்கிக்கொண்டு கடலைத் தாண்டினான். அடுத்து வந்த ஏழாம் கிரிகோரி 1080 வாக்கில் ‘எனக்கு விசுவாசப் பிரமாணம் செய்’ என்றபோது, வழக்கமான காணிக்கை வேண்டுமானால் வரும், பிரமாணம் வராது என்று சொல்லிவிட்டான். அதே கிரிகோரியிடம் 1077 ஜனவரியில் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மனி ராஜா நான்காம் ஹென்றி மன்னிப்புக்காக மூன்று நாள் குளிரில் நின்றதை நினைத்துப் பார். இரண்டு பேருக்கும் ஒரே போப்தான்.

சிலுவைப்போருக்குப் போகலாமா என்ற கேள்விக்கு ராபர்ட்தான் பதில். 1096-ல் நார்மண்டியை 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பி ரூஃபஸிடமே அடகு வைத்துவிட்டு எருசலேமுக்குப் போனான். நன்றாகவும் சண்டை போட்டான். திரும்பும் வழியில் இத்தாலியில் சிபில்லா என்ற பெண்ணைக் கட்டி, அடகை மீட்கச் சீதனமும் வாங்கினான். அவன் வந்து சேர்வதற்குள், 1100 ஆகஸ்ட் 2-ல் நியூ ஃபாரஸ்ட் வேட்டையில் ரூஃபஸ் அம்பு பட்டுச் செத்தான். பக்கத்திலேயே இருந்த ஹென்றி நேரே வின்செஸ்டர் கஜானாவுக்குப் போனான். ஆகஸ்ட் 5 முடிசூட்டு விழா! வெள்ளியை நிறுத்து வாங்கியவனுக்குக் கஜானா இருக்கும் இடம் தெரியாமலா போகும்? ஆறு வருஷம் கழித்து டின்ஷ்ப்ரே போரில் அண்ணனைப் பிடித்தான். ராபர்ட் 1134-ல் சாகும்வரை சிறைதான்.

இந்த ஹென்றியைத்தான் நீ படிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஆட்டத்தை நிஜத்தில் இவனைப்போல ஆடியவன் குறைவு. முடி சூடியதும் அவன் தேடியது பெண். ஸ்காட்லாந்து ராஜாவின் மகள் ஈடித், தாய்வழியில் பழைய ஆங்கில அரச வம்சம். ஒரே கல்யாணத்தில் வடக்கு எல்லையும் உள்ளூர் ஜனங்களின் மரியாதையும். தடங்கல் ஒன்று: அவள் மடத்தில் வளர்ந்தவள், கன்னியாஸ்திரீ முக்காட்டோடு பார்த்தவர்கள் உண்டு. விஷயம் ஆர்ச்பிஷப் ஆன்செல்மிடம் போனது. அந்தப் பெண் என்ன சொன்னாள் தெரியுமா? நார்மன் ஆண்களிடமிருந்து காப்பாற்ற என் அம்மாவின் சகோதரி வற்புறுத்திப் போட்ட முக்காடு அது, அவள் முதுகு திரும்பியதும் கழற்றித் தரையில் போட்டு மிதிப்பேன் என்றாள். ஆன்செல்ம் சபை கூட்டி விசாரித்து, துறவு பூணவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். 1100 நவம்பர் 11 கல்யாணம். ஆட்டத்தில் அந்த பிஷப்பின் அபிப்பிராய எண்ணைப் பார்க்காமலே தாண்டிப் போகிறாயே, அதற்காகச் சொன்னேன்.

அப்படிப்பட்டவனையும் கவிழ்த்தது ஒரு கப்பல். 1120 நவம்பர் 25 ராத்திரி, மாலுமிகள் குடிபோதையில் இருக்க, ‘வெள்ளைக் கப்பல்’ பார்ஃப்ளூர் அருகே பாறையில் மோதியது. ஒரே சட்டபூர்வ மகன் வில்லியம் போனான். அவனுக்குப் பிரான்ஸின் அஞ்சூ பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அந்தக் கூட்டணியும் தண்ணீரில். பிழைத்தவன் ரூவான் கசாப்புக்காரன் ஒருவன். வயிற்றுப்போக்கு என்று கிளம்புமுன் இறங்கிவிட்டவன், அக்கா மகன் ஸ்டீபன். ஹென்றிக்கு முறைதவறிப் பிறந்த பிள்ளைகள் இருபதுக்கு மேல், ஒருவருக்கும் உரிமை கிடையாது. மகள் மட்டில்டாவை ஏற்பதாகப் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினான், 1128-ல் அவளை அஞ்சூ ஜெஃப்ரிக்குக் கட்டிக்கொடுத்தான். 1135-ல் ஹென்றி செத்ததும், சத்தியம் செய்தவர்களில் ஒருவனான ஸ்டீபனே முடி சூடிக்கொண்டான். அடிதடி தீர 1153 ஆயிற்று. 1154-ல் மட்டில்டா மகன் இரண்டாம் ஹென்றி வந்தான். ஆனால் அவன் அப்பா வழியில் அஞ்சூ வம்சம். நம் ஆட்டக் கணக்கில் வில்லியமின் வம்சம் அங்கே ‘கேம் ஓவர்’.

நீ இப்போது ஆடும் ராஜாவுக்கும் இரண்டும் பெண் என்று எழுதியிருக்கிறாய். பெரியவளைப் பிரான்ஸ் இளவரசனுக்குச் சாதாரணக் கல்யாணமாகக் கொடுத்துவிடாதே. பிள்ளை பிரெஞ்சு வம்சத்தில் சேரும், அடுத்த தலைமுறையில் நீ வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஒரு சாதாரண பிரபுவின் இரண்டாவது, மூன்றாவது மகனைப் பார்த்துத் தாய்வழித் திருமணமாக முடி. பிள்ளைகள் உன் பெயரில் வருவார்கள். கூட்டணி கொஞ்சம் சப்பைதான், பரவாயில்லை. பிரான்ஸுக்குச் சின்னவளைக் கொடு.

இதே சிக்கல் அப்போது இங்கேயும் நடந்ததை யோசித்தாயா? அதே 1066-ல் சோழ நாட்டில் வீரராஜேந்திரர். மகளைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்தார். அவர் 1070-ல் மறைந்ததும் மருமகன் படையோடு வந்து மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அதிராஜேந்திரன் மடிய, ஆந்திரக் கடலோர வேங்கி நாட்டிலிருந்து வந்தவர் குலோத்துங்கர். அப்பா கீழைச் சாளுக்கியர், அம்மா அம்மங்கை முதலாம் ராஜேந்திரரின் மகள். ஆட்டக் கணக்கில் இங்கேயும் வம்சம் மாறிவிட்டது. ஆனால் அவர் தன்னைச் சோழர் என்றே சொல்லி ஐம்பது வருஷம் போல ஆண்டார். வேங்கிக்குப் பெண் கொடுத்ததே அந்த நாட்டைக் கைக்குள் வைத்துக்கொள்ள. கடைசியில் வேங்கிப் பிள்ளையே சோழ அரியணைக்கு வந்தார். அடுத்து சோழரை வைத்து ஒரு ஆட்டம் தொடங்கப் போகிறேன். வீரராஜேந்திரர் காலத்திலேயே வேங்கிப் பையனை என்ன செய்வது என்பதுதான் முதல் வேலை. கொல்ல மனசில்லை, எங்காவது தூரத்தில் ஒரு டச்சி கொடுத்து உட்கார வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

நீ பொங்கலுக்கு வருவதாக இருந்தால் லேப்டாப்பைக் கொண்டு வா, சார்ஜரோடு. போன தடவை மாதிரி என் சார்ஜரை எடுத்துக்கொண்டு போகாதே. ஆட்டத்தில் உன் பெரியவளின் மாப்பிள்ளை யார் என்று முடிவானதும் எழுது. புது மதத்தைத் தொடங்கியே விட்டாய் என்றால், அதன் விதிகளையும் எழுது, சுமதி படித்துச் சிரிக்கட்டும்.

அன்புடன்,
சேகர்