ஓடலாமா வேண்டாமா என்று என்னோடு சேர்ந்து யோசித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அரை மாரத்தான் முடிந்துவிட்டது. உங்களைத் தனித்தனியாகப் பார்த்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஒருவர் செய்த உதவி இன்னொருவருக்குத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் ஒரே மடலாகவே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஓட்டத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, காலைப் பயிற்சியில் பெயர்ந்து கிடந்த கல் ஒன்றில் வலது கால் மடங்கி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. சின்ன அடிதான். சின்ன அடியாக இருந்ததுதான் சிக்கலே. எலும்பு முறிந்திருந்தால் யோசிக்க எதுவும் இருந்திருக்காது. நடக்க முடிகிறது, படியேற முடிகிறது, 21.1 கிலோமீட்டர் ஓட முடியுமா என்பது மட்டும் தெரியவில்லை. அந்த நிலையில் மனம் காலையில் ஒன்று சொல்கிறது, சாயங்காலம் வேறொன்று சொல்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

டாக்டர், முதல் நன்றி உங்களுக்கு. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின் ஓரத்தை அழுத்திப் பார்த்தீர்கள். பாதத்தின் வெளிப்பக்க எலும்பின் அடியையும் உள்பக்கத்தையும் அழுத்தினீர்கள். நாலடி நடக்கச் சொன்னீர்கள். எலும்பில் வலி இல்லை, நடக்கவும் முடிகிறது, எக்ஸ்ரே வேண்டாம் என்றீர்கள். என் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்ததும், இது ஊகம் இல்லை, கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட விதிமுறை என்று பொறுமையாக விளக்கினீர்கள். லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், லேசாக இழுபட்டிருக்கிறது, அறுந்து போகவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தில் பாதி பயம் போனது. வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள். அதை மறக்க மாட்டேன்.

ஐஸ் வைக்கலாமா கூடாதா என்று நம் குழுவில் நடந்த விவாதத்துக்கும் ஒரு நன்றி! ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறைக்கு 1978-இல் பெயர் கொடுத்த டாக்டர் கேப் மிர்கினே, 2014-இல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது உங்களால்தான் தெரிந்தது. வலிக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் வைத்தேன், அப்புறம் மெல்ல நடக்க ஆரம்பித்தேன்.

பிசியோ மேடம், உங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. "ஓடலாமா?" என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் நீங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வலி முதலில் போய்விடும், லிகமென்ட் முழுவதும் ஆற இன்னும் நாளாகும் என்று ஆரம்பித்தீர்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. இரண்டு மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய பத்தாயிரம் முறை தரையில் படும். "அத்தனை முறையும் தாங்குமான்னு காலைத்தான் கேட்கணும், என்னைக் கேட்டு என்ன பயன்?" என்றீர்கள். காலைக் கேட்பது எப்படி என்றும் நீங்களே கற்றுக்கொடுத்தீர்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட்டு, பாதம் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று இரண்டு காலையும் ஒப்பிடுவது. ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, பிறகு அதே காலில் துள்ளுவது. இடது கால் செய்வதை வலது காலும் செய்தால்தான் அடுத்த படி.

நீங்கள் சொன்ன வலிக் கணக்கைத்தான் நான் அதிகம் பயன்படுத்தினேன். பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்தால் தொடரலாம், ஆனால் மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடி முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. ஓடும்போது உற்சாகத்தில் தெரியாமல் போனது மறுநாள் காலையில் தெரிந்துவிடும். அடிபட்டு மீண்டு வரும் யாருக்கும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஓட முடியாத நாட்களில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போன அண்ணன், மிதவைப் பட்டையை இடுப்பில் கட்டி, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடச் சொல்லிக்கொடுத்தீர்கள். தண்ணீரில் ஓடும்போது மூச்சு வாங்குகிறது, கணுக்காலுக்கோ அடியே இல்லை. சேர்த்து வைத்த உடல்தகுதி எல்லாம் கரைந்துவிடுமே என்ற என் புலம்பலை நிறுத்தியது அந்தக் குளம்தான்.

மருந்தாளுநராக இருக்கும் தம்பி, அன்று ஒரு நாளைக்கு மட்டும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடட்டுமா என்று கேட்டபோது நீ கொஞ்சம்கூட இளகவில்லை. உடம்பில் நீர் குறையும் நீண்ட ஓட்டத்தில் ஐபுப்ரோஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யலாம், அதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியையும் மறைத்துவிடும் என்றாய். நீ மறுத்ததற்காகவே உனக்கு நன்றி.

பயிற்சியாளர் ஐயா, நீங்கள் சொன்ன பிரிட்டன் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் கதைதான் என்னை நிம்மதியாகத் தூங்க வைத்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் உலகமே அவர் வெல்வார் என்று எதிர்பார்த்தது. காலில் காயத்தோடு வந்தவர், 36 கிலோமீட்டர் தாண்டியதும் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். அடுத்த ஆண்டு உலக சாம்பியன். உலகச் சாதனை படைத்தவரே பாதியில் நிற்கலாம் என்றால் நான் நிற்பதற்கு என்ன தயக்கம்?

அமைப்பாளர் குழுவினருக்கு: என் எண் அட்டையை நண்பருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வழியில் அவருக்கு ஏதாவது ஆனால் மருத்துவக் குழுவின் கையில் தவறான பெயரும் தவறான அவசர எண்ணும்தான் இருக்கும், அதனால் கூடாது என்று காரணத்தோடு பதில் அனுப்பினீர்கள். பாதை இரண்டு சுற்று, முதல் சுற்று முடியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், தன்னார்வலரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள் என்றும் அதிலேயே எழுதியிருந்தீர்கள். என் முடிவுக்கு வழி திறந்தது அந்த வரிதான். புறப்படுவது, முதல் சுற்று முடிவில் காலைக் கேட்டுத் தீர்மானிப்பது.

அம்மா, நீ ஓடு என்றும் சொல்லவில்லை, ஓடாதே என்றும் சொல்லவில்லை. "நிறுத்தணும்னு தோணினா நிறுத்துவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றாய். சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கடைசியாக உனக்கு, தோழி. நொண்டுவது ஓடுகிறவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும் என்று பிசியோ மேடம் சொன்னதைக் கேட்டதும், "அப்போ நான் பின்னாலேயே வரேன்" என்றாய். நீயும் அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு உழைத்தாய் என்று எனக்குத் தெரியும். உன் நேரத்தை விட்டுவிட்டு என் வேகத்தில், பத்தடி பின்னால், என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். முதல் சுற்றின் கடைசிப் பகுதியில் எனக்கு வலி இரண்டுக்கு மேல் இல்லை. நன்றாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தேன். நீ பக்கத்தில் வந்து, "வலது பக்கம் சீக்கிரம் காலை எடுக்கிறே, இடது தோள் இறங்குது" என்றாய். கவனித்துப் பார்த்தேன், உண்மைதான். சுற்று முடிவில் நின்றேன். உன்னைத் தொடர்ந்து ஓடச் சொன்னேன், நீயும் தயங்கிவிட்டுப் போனாய். நீ முடித்து வந்தபோது என்னைவிட மகிழ்ந்தவர் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது.

நின்ற இடத்தில் என் எண்ணைக் குறித்துக்கொண்டு, நாற்காலி போட்டு, காலை உயர்த்தி வைக்க இன்னொரு நாற்காலியும் தேடிக் கொண்டுவந்த தன்னார்வலத் தம்பிக்கும் நன்றி. உங்கள் பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை முதல் அடி நன்றாகவே இருந்தது. லேசான இறுக்கம், வீக்கம் இல்லை. இப்போது ஒற்றைக் கால் பயிற்சிகள் தொடர்கின்றன. பிசியோ மேடம் சரி சொன்னதும் நீண்ட ஓட்டங்களைத் தொடங்குவேன். இடையில் உங்களில் யாருக்காவது கால் சுளுக்கி, ஓடலாமா வேண்டாமா என்ற குழப்பம் வந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். அந்த ஓட்டத்தில் உங்களுக்குப் பத்தடி பின்னால் நான் வருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சக ஓட்டக்காரர்