பெட்டியை விட்டுவிட்டு இறங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான விபத்து என்றால் இறந்தவர் எண்ணிக்கையும், விமானியின் தவறா, இயந்திரக் கோளாறா என்ற பட்டிமன்றமும்தான் பக்கங்களை நிரப்புகின்றன. மோதலில் தப்பியும் வெளியே வர முடியாமல் உள்ளேயே மாண்டவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

1985 ஆகஸ்டில் மான்செஸ்டரில் அந்த போயிங் 737 தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே இடது இன்ஜின் சிதறி, அதன் துண்டு இறக்கையிலிருந்த எரிபொருள் டேங்கைத் துளைத்தது. விமானம் எதன்மீதும் மோதாமல் பத்திரமாகவே நின்றது. ஆனாலும் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. இறக்கைக்கு மேலுள்ள அவசர வழியைத் திறந்தபோது, 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள கதவு உள்பக்கமாகப் பயணியின் மேலேயே சாய்ந்தது. அந்த வரிசையில் இடம் கூடியதும், தரையில் ஒளிரும் வழிகாட்டி விளக்குகள் பரவலானதும் அதற்குப் பிறகுதான். இன்று கூடுதல் கட்டணத்துக்கு விற்கப்படும் கால்நீட்டும் இடம், உயிர் தப்பும் வழி என்பதை வாங்குபவரும் மறந்துவிடுகிறார்.

பாதி வாசல்கள் வழியாக மட்டும் 90 விநாடிக்குள் எல்லாரும் இறங்கிவிட முடியும் என்று காட்டினால்தான் பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்று கிடைக்கும். 2006 சோதனையில் ஏர்பஸ் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். அங்கே புகையும் இல்லை, மேல் லாக்கரைத் திறந்து பெட்டி இறக்குபவரும் இல்லை. நிஜத்தில் ஒருவர் கையைத் தூக்கினால் பின்னால் மொத்த வரிசையும் நின்றுவிடும். பெட்டியின் சக்கரமோ முனையோ, வாசலிலிருந்து இறங்க விரியும் காற்றடைத்த சறுக்கைக் கிழித்தால் அந்த வாசலே போயிற்று. லாக்கர்களை மொத்தமாகப் பூட்டிவிடலாம் என்றொரு யோசனை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பூட்டியிருப்பது தெரியாமல் இழுத்துக்கொண்டே நிற்பவர் வழியை இன்னும் மோசமாக அடைப்பார்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஏ350 விமானம் கடலோரக் காவல்படை விமானத்தில் மோதி எரிந்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரியதில் ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்து, எட்டு வாசல்களில் மூன்றே பயன்பட்டும், 379 பேரும் உயிருடன் இறங்கினார்கள். பணியாளர்கள் மெகாபோனில் கத்தினார்கள்; பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டு வந்தார்கள்.

உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் உள்ள வாசலுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் தடவிப் போகும். பதற்றத்தில் பலர் காரில் போலப் பொத்தானைத் தேடுவார்கள். விமான சீட் பெல்ட்டில் மேல்தகட்டைத் தூக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதவே கூடாது. 1996-ல் கொமொரோஸ் அருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் அப்படி ஊதியவர்கள், தண்ணீர் ஏறியபோது கூரையோடு ஒட்டி மிதந்து, கீழே இருந்த வாசலை அடைய முடியாமல் போனார்கள்.

விபத்து விசாரணையின் இறுதி அறிக்கையில், உயிர் பிழைத்தல் பற்றித் தனிப் பகுதியே இருக்கும்: எந்த வாசல் திறந்தது, எது திறக்கவில்லை, ஏன் என்று. அது வரும்போது ஓராண்டுக்கு மேல் ஆகி, செய்தி ஆறிப்போயிருக்கும். அந்தப் பகுதியையும் தங்கள் நிருபர்கள் தேடிப் படித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்