சி.டி. நார்மல் என்றால் வாசனை நரம்பும் நார்மலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்தில் தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். மூளையில் ரத்தக்கசிவு உண்டா, மண்டை ஓட்டில் விரிசல் உண்டா என்று சில நிமிடங்களில் அது காட்டிவிடும். உயிரைக் காக்க அதுதான் சரி. ஆனால் அது நார்மல் என்றதும், முகர்வு நரம்பும் நன்றாக இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இது தவறு.

என் அண்ணன் மகன் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிறான். மேலூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் இல்லை. சி.டி. நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். கடைக்குத் திரும்பிய பிறகுதான் மல்லிகை மணமே தெரியவில்லை என்றான். சளியாக இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார்கள் பார்த்தவர்கள். ஒருநாள் வீட்டில் கேஸ் கசிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொல்லும்வரை அவனுக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முன்மூளையின் அடிப்பகுதியில், முகர்வு நரம்பு போய்ச் சேரும் இடத்தில் காயம் இருந்தது அதில் தெரிந்தது. மூக்கின் கூரையில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு இருக்கிறது. அதன் துளைகள் வழியாகத்தான் முகர்வு நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன. தலை பலமாகக் குலுங்கினால், எலும்பு முறியாவிட்டாலும் இந்த இழைகள் அறுந்துபோகலாம்.

மூக்கில் சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ் என்றால் சி.டி.தான் நன்றாகக் காட்டும். நரம்பு, மூளை, அங்கே வளரும் கட்டி என்றால் எம்.ஆர்.ஐ. வேண்டும். பிறவியிலேயே வாசனை தெரியாத சிலருக்கு முகர்வுக் குமிழ், அதாவது முகர்வு நரம்பு இழைகள் போய்ச் சேரும் மூளைப் பகுதி, உருவாகாமலே இருக்கும். அதுவும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அதற்காக, சளிக்கோ கொரோனாவுக்கோ பிறகு வாசனை போன எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. அவர்களில் பலருக்குத் தானாகவே திரும்பிவிடும். முதலில் டாக்டர் மூக்கைப் பார்க்கட்டும். காரணம் புரியவில்லை, ஒரு பக்கம் மட்டும் மணக்கவில்லை, கூடவே தலைவலியோ பார்வைக் குறைவோ இருக்கிறது என்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

நரம்பு அறுந்திருந்தால் எம்.ஆர்.ஐ. அதை ஒட்டவைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரிந்த பிறகுதான் எங்கள் பிள்ளை தெளிந்தான். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகரும் பயிற்சியை டாக்டர் சொல்லித்தந்தார். மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டுமாம், செய்கிறான். வீட்டில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் அலாரமும் மாட்டிவிட்டோம்.

தலைக்காயத்தோடு வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பும்முன் "வாசனை தெரிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மதுரை மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். காப்பித்தூளை மூக்கருகே காட்டினால்கூடப் போதும், முதல் சந்தேகம் தெரிந்துவிடும். உங்கள் நாளிதழ் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரைக் கொண்டு இதை விரிவாக எழுதவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒத்தக்கடை, மதுரை.