பல் கறைக்கு நீ காரணமில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பா ஏதோ சொல்லப்போய் நீ சிரித்தாய். சிரித்ததும் உன் வலது கை தானாக வாய்க்குப் போனது. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீ ஆறாவது படித்தபோது உன் முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. "ஒழுங்கா தேய்ச்சா பல்லு இப்படி இருக்குமா?" என்று எத்தனை காலை உன்னைத் திட்டியிருப்பேன். சாம்பல், உப்பு, அடுப்புக்கரி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தாய். அதே வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஃப்ளோரைடு என்ற சொல் எனக்குத் தெரியும். நம் தர்மபுரி மண்ணின் பாறையில் அது உண்டு, நிலத்தடி நீரில் கரைந்து வரும் என்பதும் தெரியும். அதையும் உன் பல்லையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் படிக்கிறாள். தினமும் கொட்டாயிலிருந்து, ஊருக்கு வெளியே காட்டோரம் இருக்கிற சின்னக் குடியிருப்பிலிருந்து, மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறாள். வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கண் சரியில்லையோ என்று முன் பெஞ்சுக்கு மாற்றினேன். அவள் மறைத்தது வாயை என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

மறுநாளே வகுப்பு முழுவதையும், வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். ஃப்ளோரைடு பார்க்கிற மருந்து ஒரு பெட்டி ஏற்பாடு செய்திருந்தேன். சிவப்பு மருந்தைச் சில சொட்டு விட்டால், ஃப்ளோரைடு கூடக்கூட நிறம் வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைகளின் பாட்டில் எல்லாம் சிவப்பாகவே நின்றது. கொட்டாய்ப் பிள்ளைகளின் போர் தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளானது. பெட்டியிலிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பதுதான் நம் நாட்டு அளவு. ஒரு பையன் சத்தமாகக் கேட்டான்: "அப்போ எங்க பல்லு கறை அழுக்கு இல்லையா டீச்சர்?"

இல்லை பாப்பா, அழுக்கே இல்லை. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் ஃப்ளோரைடு அதிகமாகச் சேர்ந்தால் எனாமல் கெட்டியாக அமையாது. கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு பல் முளைக்கும், பிறகு அதில் பழுப்பு ஏறும். எந்த பிரஷ்ஷும் அதைத் தேய்த்து எடுக்காது. சென்னை மாகாணமாக இருந்த காலத்தில், 1937இலேயே, நெல்லூர்ப் பக்கம் டாக்டர்கள் இந்த நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள். ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் நமக்குக் குழாயில் வந்தது 2013இல். அப்போது உனக்குப் பதினாறு வயது.

"நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்றாள் ஒரு பெண். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்தில் வாணலி வாங்கி, உப்புத் தண்ணீரை வற்றக் காய்ச்சிக் காட்டினேன். அடியில் வெள்ளையாக உப்பு நின்றது. காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்தது போகாது, தண்ணீர் குறையக் குறைய இன்னும் செறிவாகும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற பழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்த வயதைத் தவறவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்குமேல் போனால் பயமும் வெட்கமும் முந்திக்கொள்கின்றன.

வாராவாரம் கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையிலும் இதே கதைதான். ஜன்னலுக்கு வெளியே கிடக்கும். விசாரித்தால், மலம் கறுப்பாகப் போகிறதாம், உள்ளே ஏதோ அழுகிவிட்டது என்று பயந்திருக்கிறார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்புதான் அப்படி வெளியேறுகிறது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டலும் வந்திருக்கிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, என் பிள்ளைகளில் பாதிப் பேர் சாப்பிடாமல் வருகிறார்கள். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறேன். கூடவே டீ வேண்டாம், எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது ஜன்னலுக்கு வெளியே எதுவும் கிடப்பதில்லை.

அந்தக் கொட்டாய்ப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். இப்போது அவளும் அவள் அம்மாவும் குழாய் இருக்கிற இடத்துக்குப் போய், தம்பி குடிக்கவும் சோறாக்கவும் தினமும் இரண்டு குடம் தூக்கி வருகிறார்கள். குளிக்க, துவைக்கத்தான் போர் தண்ணீர். "எனக்கு வந்தது வந்துடுச்சு டீச்சர், அவனுக்கு வரக் கூடாது" என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. கொட்டாய் வரை குழாய் நீட்டக் கேட்டுப் பிள்ளைகளே மனு எழுதியிருக்கிறார்கள். வரும் கிராம சபையில் கொடுக்கப்போகிறோம்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணு. அம்மா என்பதால் நீ சும்மா தலையாட்டிவிட வேண்டாம். கோபம் இருந்தால் கோபப்படு. முன்பற்களுக்கு மேலே பூச்சு வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள். அது உன் விருப்பம், நான் வற்புறுத்த மாட்டேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னாலேயே வர முடியுமா? பள்ளிக்கூடம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் உட்கார்ந்து, உன் வேலையைப் பற்றிப் பேசு. பல்லைப் பற்றி நீயாக எடுக்க வேண்டாம், அவர்கள் கேட்டால் மட்டும் சொல். அந்தப் பெண் உன்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தத் தண்ணீர் மருந்து தீர்ந்துவிட்டது. அங்கே கிடைத்தால் ஒரு பெட்டி வாங்கி வா, ஏழாம் வகுப்பு காத்திருக்கிறது.

அம்மா