தண்டத் துண்டைத் தமிழிலையும் எழுதுங்கோ

ஆசிரியருக்கு, யாழ்ப்பாணத்தில வாகனச் சோதனை கூடினதைப் பற்றி உங்கட பேப்பரில வந்த செய்தி பாத்தன். பொலிஸ் மறிச்சா ஓரமா நிப்பாட்டி லைசன்ஸ், வரிப்பத்திரம், இன்சூரன்ஸ் மூண்டையும் காட்டத்தான் வேணும், அதில வாக்குவாதத்துக்கு இடமில்லை, ஆனா என்ன பிழைக்கு மறிச்சதெண்டு எங்களுக்கு விளங்கிற பாஷையில கேட்டு அறியிறது எங்கட உரிமை, 1987இல அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி ஆயிட்டுது தானே.

போன மாசம் என்னை மறிச்சு லைசன்ஸை வாங்கி வச்சுக்கொண்டு தந்த துண்டில பேனையால கிறுக்கின சிங்களம், தபால் கந்தோர் வரிசையில நிண்ட ஒரு தம்பி வாசிச்சுச் சொன்னாப் பிறகுதான் சிக்னல் போடாமத் திரும்பினதுக்கெண்டு தெரிஞ்சுது. பிழை என்ர தான், காசும் கட்டினன். சோதனை நடக்கிற ஒவ்வொரு இடத்திலையும் தமிழ் எழுதத் தெரிஞ்ச ஒராளை விடுங்கோ.

மோட்டச்சைக்கிள் ஓடுற ஒருவர்,
கோண்டாவில்