விடுதி என்றதும் பெயரை வெட்டிவிடாதீர்கள்

அன்பான பெற்றோருக்கு, வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து என் அறைக்கு வருகிற பெற்றோர் பலரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள்: "கொழும்பு கம்பஸ் என்றால் அனுப்பலாம் டீச்சர், பேராதனை, யாழ்ப்பாணம் என்றால் பிள்ளை ஹொஸ்டலில் அல்லவா நிற்க வேணும்." போன செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாய் தெரிவுகள் எழுதிய தாளை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்திருந்தார். விரித்துப் பார்த்தேன், கொழும்பைத் தவிர மற்ற எல்லாப் பெயரும் பேனையால் வெட்டப்பட்டிருந்தது. மகள் பக்கத்தில் நின்று நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. அது புதிய பயமும் இல்லை. இங்கிலாந்தில் எமிலி டேவிஸ் என்ற பெண்மணி 1869இல் ஹிட்சின் என்ற ஊரில், ஒரு வாடகை வீட்டில், 5 மாணவிகளோடு பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் ரயிலேறி வந்து படிப்பித்தார்கள். 1873இல் கேர்ட்டன் கிராமத்தில் அவர்களுக்கென்றே அல்பிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த செங்கல் கட்டடம் எழும்பியது. கேம்பிரிட்ஜ் நகரத்திலிருந்து 2 மைலுக்கும் அப்பால், ஏனென்றால் ஆண் மாணவர்கள் நிறைந்த ஊருக்கு நடுவே மகளை விட அந்தக் காலத்துப் பெற்றோரும் தயங்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கட்டடத்தின் உட்புறம்தான். நீண்ட தாழ்வாரம், அதன் ஓரமாக அறைகள், ஒவ்வொரு மாணவிக்கும் படிக்க ஒன்று, படுக்க ஒன்று. தேத்தண்ணி போடு, தம்பியைப் பார் என்று யாரும் கூப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு இருந்து படிக்க ஒரு இடம்! நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது இருக்கிறது? பிறகு பிள்ளைகள் கூடக் கூட அந்தக் கட்டடமும் நீண்டுகொண்டே போனது. பரீட்சையில் தேறினாலும் கேம்பிரிட்ஜ் அவர்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். இங்கே கொழும்பில் 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் 1948க்கு முன்பே பட்டம் வாங்கிவிட்டார்கள்.

பேராதனையில் சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர என்று பெண்பிள்ளைகளுக்கான விடுதிகள் இருக்கின்றன. ஒருதரம் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அங்கே படிக்கிற நம் பழைய மாணவிகளோடு கதையுங்கள், அப்புறம் முடிவெடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு மண்டபத்தில் இருப்பேன். தெரிவுத் தாளை வெட்டாமல் கொண்டுவாருங்கள், மகளும் கட்டாயம் வர வேண்டும்.

அன்புடன்,
அதிபர்